மன்னாருக்கு மேலே கொட்டும் ஸ்னோ

கைபேசியை என் தேத்தண்ணிக் கிளாசுக்கும் மூக்குக்கும் நடுவில் நீட்டினான். "பாருங்கோ சேர், விடிய விடியக் கொட்டியிருக்குது. தம்பி இப்பதான் அனுப்பினவன்."

திரையில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு ஒழுங்கை. குப்பைவாளி மூடிகளின் மேல் நாலு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை. எது கார், எது மதில் என்று பிரித்தறிய முடியவில்லை. படம் பிடிக்கிறவனின் மூச்சுச் சத்தம் கேட்கிறது. வேலைக்கு வெளிக்கிட்டுக் கதவைத் திறந்தவன் படியிலேயே நின்றுவிட்டான் போலும். "அண்ணை, இண்டைக்கு வேலை இல்லைப் போல கிடக்கு" என்று ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் படம்.

இங்கே மன்னார் கடைத்தெருவில் தை மாதத்துக் காலை. வாடைக்காற்று தகரக் கூரையின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. வானம் கருக்கலாக இருந்தது. படம் காட்டியவன் ஒருகாலத்தில் என்னிடம் பத்தாம் ஆண்டில் விஞ்ஞானம் படித்தவன். இப்போது சொந்தமாகப் போட்டும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டி. வாடை தொடங்கி வடகடல் கொந்தளித்தால் தென்கடலுக்கு மாறிவிடுவான். அன்றைக்கும் ஐஸ் வாங்கிக்கொண்டு போகிற வழியில்தான் தேத்தண்ணிக்கு இறங்கியிருந்தான். வாசலில் நின்ற ஓட்டோவில் ஐஸ் பெட்டி இருந்தது. பெட்டியின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"நீங்கள் விஞ்ஞானம் படிப்பிச்சனீங்கள். சொல்லுங்கோ பாப்பம். அங்கை இப்படிக் கொட்டுது. எங்களுக்கு மட்டும் ஏன் கொட்டுறேல்ல?"

"எங்களுக்கும் கொட்டுது" என்றேன்.

தேத்தண்ணியை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார நானாவின் கை அந்தரத்தில் நின்றது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐப்பசி கார்த்திகையில் இடி முழக்கத்தோடு அடித்து ஊற்றுகிறதே மழை, அதில் பெரும்பங்கு மேலே ஸ்னோவாகத்தான் பிறக்கிறது. நம் தலைக்கு நேர் மேலே, பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கு மேலே, தலைமன்னார் இறங்குதுறைக்கு மேலே வெள்ளை வெள்ளையாகக் கொட்டுகிறது. வந்து சேர்வதற்கு முன் உருகிவிடுகிறது. லண்டன்காரனுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கடைசித் தூரத்தில்தான் இருக்கிறது.

மன்னார் தீவில் ஏறிப் பார்க்க ஒரு மேடு கிடையாது. உயரம் என்றால் நமக்குப் பனைமரம், கோயில் கோபுரம், 2020க்குப் பிறகு தென்கரையில் வரிசையாக நிற்கிற முப்பது காற்றாலைகள். ஆகவே ஒரு ஏணியைக் கற்பனையில்தான் சாத்த வேண்டும். கடற்கரையில் வெப்பநிலை 27 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான நம் வளியில் ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஐந்து, ஐந்தரைப் பாகை குறையும். அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றரில் ஏணி பூச்சியப் பாகையைத் தொடும். நம்மூர்ப் பக்கத்தில் அந்த எல்லை ஆண்டு முழுவதும் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. தையிலும் சித்திரையிலும் ஏறக்குறைய அதே ஐந்து கிலோமீற்றர்தான். இலங்கையின் உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதன் தலைமேல் இன்னொரு பிதுருதலாகலையைத் தூக்கி வைத்தால்தான் அந்த எல்லைக்குக் கை எட்டும். மலையகத்திலும் ஸ்னோ கொட்டாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் முகிலுக்கு மலை தேவையில்லை. இடிமுகில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் வரை எழும்பும். அதன் இடுப்புக்கு மேலே எல்லாம் உறைநிலைக்குக் கீழ். விமானத்தில் போனவர்கள் முன் ஆசனத்துச் சின்னத் திரையில் பார்த்திருப்பீர்கள், வெளியே மறை நாற்பது என்று காட்டும். மறை நாற்பது, மன்னாருக்கு மேலே.

அங்கே ஒரு வேடிக்கை. பூச்சியத்துக்குக் கீழே போன உடனே தண்ணீர் உறைந்துவிடும் என்றுதான் வகுப்பில் படிப்பித்தேன். அது முழு உண்மை இல்லை. முகிலுக்குள் மிதக்கிற நுண்துளி உறைவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். ஒரு தூசு, ஒரு களிமண் துணிக்கை. அது கிடைக்காத துளி மறை இருபதிலும் தண்ணீராகவே திரியும். மறை நாற்பதை நெருங்கினால்தான் பிடிமானம் இல்லாமலும் உறையும். தூசைப் பிடித்து முதலில் உறைந்த துளி சுற்றியிருக்கிற நீராவியை எல்லாம் தன்மேல் இழுத்துப் படியவைத்துப் பளிங்காக வளரும். மற்றத் துளிகள் ஆவியாகி மெலிய, இது கொழுக்கும். நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாகத்தான் கைகோக்கும் என்பதால் பளிங்குக்கும் ஆறு கை. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உக்கிச்சிரோ நக்காயா என்ற பௌதிகப் பேராசிரியர் 1936இல் முதன்முதலாக ஆய்வுகூடத்தில் ஒரு ஸ்னோப் பளிங்கை வளர்த்தார். பஞ்சு நூல், பட்டு நூல் ஒன்றும் சரிவராமல் கடைசியில் முயல் உரோமத்தின் நுனியில்தான் அது வளர்ந்ததாம். அந்த உரோமத்தின் வேலையைத்தான் முகிலுக்குள் தூசு செய்கிறது.

பல பளிங்குகள் ஒன்றோடொன்று கொளுவிப் பஞ்சுத் துகளாகி இறங்கத் தொடங்கும். வேகம் வினாடிக்கு ஒரு மீற்றர் அளவுதான். கோயில் திருவிழாவுக்குப் போகிற மனிதனின் நடை. ஐந்து கிலோமீற்றர் எல்லையைத் தாண்டியதும் வெதுவெதுப்பு அடிக்கும். அடுத்த சில நூறு மீற்றருக்குள் உருகிச் சுருண்டு துளியாகிவிடும். துளியானதும் சாவகாசம் போய்விடும். வினாடிக்கு ஆறு, ஏழு மீற்றர் வேகத்தில் விழுந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் உங்கள் தகரக் கூரையில் வந்து தட்டும். பாதி உருகிய துகள் மேலெல்லாம் தண்ணீர் பூசிக்கொண்டு பெரிதாக இருப்பதால், ராடார் திரையில் அந்த உயரம் மட்டும் ஒரு பிரகாசமான பட்டையாகத் தெரியும். மழை பிறக்கிற வரம்பை வளிமண்டலவியல்காரர் இப்படிக் கண்ணால் பார்க்கிறார்கள்.

எல்லா மழையும் இப்படி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து பிடிப்பார்கள். கடலிலிருந்து வருகிற தாழ்ந்த குட்டி முகில் சடசடவென்று ஐந்து நிமிடம் பெய்துவிட்டுப் போகிறதே, அது ஐஸையே காணாத மழை. துளியோடு துளி மோதிப் பருத்து விழுவது. நான் சொல்வது பெருமழையை.

"அப்ப ஐஸாகவே கீழ வந்து சேராதோ?" நானா கேட்டார்.

சேரும், எப்போதாவது. அதுதான் ஆலங்கட்டி. இடிமுகிலுக்குள் மேலெழும்பும் காற்று ஒரு ஐஸ் உருண்டையைத் தாங்கிப் பிடித்து, படை படையாக உறையவைத்துப் பருக்கவிட்டு, ஒருகட்டத்தில் தாங்கமாட்டாமல் கைவிடும். நெல்லிக்காய் அளவு உருண்டை வினாடிக்குப் பதினைந்து, இருபது மீற்றரில் விழும். வெதுவெதுப்பான ஐந்து கிலோமீற்றரையும் நாலைந்து நிமிடத்தில் கடந்துவிடும். ஓடி வருவதால் முழுவதும் கரைய நேரமில்லை. ஸ்னோத் துகளோ நடந்து வருகிறது. நடந்தே இந்த வெயிலூருக்குள் இறங்கினால் என்ன மிஞ்சும்?

மன்னாரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீற்றர் மழை. புது ஸ்னோவில் பத்துப் பங்குக்கு ஒன்பது பங்கு காற்று. ஆகவே நம்முடைய மழை முழுவதும் உருகாமல் அப்படியே இறங்கிக் கரையாமலும் கிடந்தால் பத்து மீற்றர் உயரம் வரும், பனை பாதிவரை புதையும். நம்மூர்த் தெருக் கழுதைகள் எங்கே நிற்கும் என்பதுதான் என் கவலை.

சொல் பற்றி ஒன்று. நான் இதுவரை ஸ்னோ, ஸ்னோ என்றே எழுதிக்கொண்டு வருவது தமிழ்ப்பற்று இல்லாமல் அல்ல. பனி என்று எழுதலாம். ஆனால் மன்னாரில் பனி என்றால் அது விடியற்காலையில் வலையில் முத்து முத்தாக நிற்பது. "பனியில நிக்காதை, தடிமன் பிடிக்கும்" என்று அம்மா அதட்டுவது. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம், அந்தப் பனி எதுவும் மேலிருந்து கட்டியாக விழுந்ததில்லை. நிலம் இரவில் குளிர, வளியிலுள்ள நீராவி அதன்மேல் ஒடுங்குவது. துளியாகப் படிந்தால் பனித்துளி, முகத்தை மறைத்தால் மூடுபனி. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போன நம்மவர்கள் வானத்திலிருந்து பஞ்சு விழக் கண்டபோது, பனி என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. அதனால் ஸ்னோ என்று எடுத்துக்கொண்டார்கள். "ஸ்னோ கொட்டுது" என்பதில் வினைச்சொல் நம்முடையது, அது போதும்.

இந்தக் குழப்பத்தால் ஆண்டுதோறும் ஒரு வதந்தியும் வரும். தையிலோ மாசியிலோ நுவரெலியாவில் புல்வெளி வெளுத்திருக்கும் படத்தைப் பத்திரிகையில் போட்டுப் பனி பொழிந்தது என்று எழுதுவார்கள். பொழியவில்லை. வானிலை அறிக்கையில் அதற்குத் துகள் உறைபனி என்று பெயர். முகிலில்லாத இரவில் புல்லின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்போது, தொட்ட நீராவி நேரே பளிங்காக ஒட்டிக்கொள்கிறது. தேயிலைக் கொழுந்து கருகுகிற அளவுக்கு அது கெட்டது. ஆனால் வானத்திலிருந்து வந்தது அல்ல.

சம்மாட்டிக்கு இது பிடிபடவில்லை. விழாமல் எப்படிப் பூக்கும்? சொல்லி விளங்கவைக்க முடியாததைச் செய்து காட்டுவதுதான் என் பழைய வழக்கம். "உன்ர பெட்டியில ஒரு சிரட்டை ஐஸ் கொண்டு வா" என்றேன்.

மீனுக்குப் போடுகிற நொறுக்கு ஐஸ். நானாவிடம் ஒரு சில்வர் பேணி வாங்கி முக்கால்வாசி நிரப்பினேன். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துக் காயவைத்து வாங்கின் மேல் வைத்தேன். ஒரு நிமிடத்தில் பேணி வேர்த்தது. இது எல்லோரும் சோடாப் போத்தலில் கண்டதுதான். வெளியிலுள்ள வளியின் ஈரம் குளிர்ந்த தகட்டில் ஒடுங்குகிறது. மன்னார்ப் பனி. பிறகு கல்லுப்பு கேட்டேன். நானா சமையல் பக்கத்திலிருந்து போத்தலைக் கொண்டுவந்து, நான் அள்ளுகிற அளவைக் கண்டு முகம் சுளித்தார். மூன்று பிடி போட்டு கரண்டியால் கிளறினேன். கறகறவென்றிருந்த ஐஸ் சேறாக இளகியது. கிளறக் கிளறக் கரண்டிப் பிடி கையைக் கடித்தது.

நாலைந்து நிமிடம் போனது. பேணியின் அடிப்பாகத்தில் வேர்வை அசையாமல் நின்றது. துளிகள் வழுக்கி இறங்குவதை நிறுத்திவிட்டன. பிறகு அந்த இடம் மங்கியது, கண்ணாடியில் மூச்சு விட்டது போல. பிறகு வெளுத்தது. அடியிலிருந்து மேலே ஒரு விரல் உயரத்துக்கு, ஈர்க்குச்சியால் சுண்ணாம்பு தடவியது போல ஒரு சொரசொரப்பு. சம்மாட்டி நகத்தால் கீறினான். கீறிய கோடு பளபளவென்று தகடாகத் தெரிந்தது, நகக்கண்ணில் வெள்ளைப் பொடி. இரண்டு விரலுக்குள் வைத்துத் தேய்த்தான், தண்ணீராகிவிட்டது. மன்னார் கடைத்தெருவில் தேத்தண்ணி வாங்கின் மேல் நுவரெலியா பூத்துவிட்டது. பக்கத்துக் கடைப் பெடியன்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். நானாவும் போத்தல் உப்பை மறந்துவிட்டார்.

உப்புப் போட்டால் ஐஸ் உருகுகிறது, அப்படியானால் சூடாகத்தானே வேண்டும், எப்படிக் குளிர்ந்தது என்பது நியாயமான கேள்வி. ஐஸின் மேற்பரப்பில் எந்நேரமும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. சில மூலக்கூறுகள் கழன்று தண்ணீராகும், சில தண்ணீரிலிருந்து திரும்பி ஒட்டும். பூச்சியப் பாகையில் இரண்டும் சரிசமம். உப்பு கரைந்து நடுவில் புகுந்தால் திரும்பி ஒட்டுகிறவர்களுக்கு வழி அடைபடும். கழல்வது மட்டும் தொடரும். கழல்வதற்கு வெப்பம் வேண்டும், அதை ஐஸ் தன்னிடமிருந்தும் பேணியிடமிருந்தும் பிடுங்கும். அதனால் உருகிக்கொண்டே குளிரும். நிறைப்படி நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு உப்பு என்ற சரியான கலவையில் மறை 21 பாகைவரை உறையாமல் தண்ணீராகவே இருக்கும்.

இந்தப் பேணியில் நடந்ததுதான் தம்பியின் தெருவிலும் நடக்கும். ஸ்னோ விழப்போகிறது என்று தெரிந்தால் அங்கே இரவிலேயே லொறிகள் உப்பைத் தூவிக்கொண்டு போகும். சமையல் உப்பு அல்ல, தவிட்டு நிறப் பாறை உப்பு. செஷயர் மாவட்டத்தில் வின்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் நிலத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டி எடுக்கிறார்கள். ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடல் காய்ந்துபோனதன் மிச்சம் அது. நாம் ஆடி ஆவணியில் பாத்தி கட்டிச் சில கிழமைகளில் செய்வதை அங்கே பூமி முன்பே செய்து புதைத்து வைத்திருக்கிறது. பட்டினத்தை ஒட்டிய நம் உப்பளத்தில் குவியல் எழும்பும் காலத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஸ்னோ மேடு மாதிரித்தான் இருக்கும். அது வெறும் உவமை இல்லை. ஒரு உப்புக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், நிறமே இல்லை. ஸ்னோப் பளிங்கும் அப்படியே. கோடிக்கணக்கில் குவியும்போது ஒவ்வொரு முகத்திலும் ஒளி பட்டுத் தெறித்து, எந்த நிறத்தையும் விழுங்காமல் அத்தனையும் திரும்பி வருவதால் வெள்ளை. புது ஸ்னோ, விழுகிற ஒளியில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

(உப்பு வளம் பற்றி மிகவும் பெருமைப்படவும் முடியாது. பருவம் தப்பிய மழையால் பாத்திகள் கெட்டு, 2025இல் நாங்களே இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினோம். கடல் சூழ்ந்த நாடு.)

லண்டனின் உப்பும் ஒருமுறை கைவிட்டது. 2009 பெப்ரவரி 2, திங்கட்கிழமை. சைபீரியப் பக்கத்திலிருந்து கிழக்குக் காற்று வந்தது. வட கடலைக் கடக்கையில் ஈரத்தை ஏற்றிக்கொண்டு வந்து, ஞாயிறு மாலையிலிருந்தே தென்கிழக்கு இங்கிலாந்தின் மேல் கொட்டத் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகளில் அவ்வளவு ஸ்னோ அங்கே விழுந்ததில்லை. காலையில் லண்டனில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. ஹீத்ரோ விமான நிலையம் ஓடுபாதைகளை மூடியது. ஆயிரக்கணக்கான பாடசாலைகள் திறக்கவில்லை. நாட்டில் வேலை செய்கிறவர்களில் ஐந்தில் ஒருவர் அன்று வேலைக்குப் போகவில்லை என்று சிறு வணிகர் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. அந்தக் கிழமை முடிவதற்குள் பல நகரசபைகளில் தெருவுக்குப் போட உப்புத் தட்டுப்பாடு.

வானிலை நிலையம் முன்கூட்டியே எச்சரித்துத்தான் இருந்தது. இருந்தும் அந்த ஊர் அதைத் திடீர் ஸ்னோவாகத்தான் எடுத்துக்கொண்டது. ஏன் என்பதற்கு நம் ஏணியே பதில். மாரியில் லண்டனுக்கு மேலே பூச்சிய எல்லை ஐந்து கிலோமீற்றரில் இல்லை. பல நாட்களில் ஒரு கிலோமீற்றருக்குள், சில நாட்களில் சில நூறு மீற்றரில். மேலே எப்போதும் ஸ்னோதான். கடைசிச் சில நூறு மீற்றரில் வளி இரண்டு மூன்று பாகையாக இருந்தால் உருகி மழை. ஒரு பாகை குறைந்தால் உருகாமல் ஸ்னோ. ஒரே முகில், ஒரே நீர். ஒரு பாகையில் பஸ் ஓடுவதும் ஓடாமல் விடுவதும் தீர்மானமாகிறது. அந்த ஒரு பாகையை முதல்நாள் கணிப்பது எந்தக் கணினிக்கும் வயிற்றைக் கலக்குகிற வேலை. மொஸ்கோவிலோ மொன்றியலிலோ இந்தத் திண்டாட்டம் இல்லை. அங்கே மாரியின் பெரும்பகுதி பூச்சியத்துக்கு எவ்வளவோ கீழ், ஸ்னோ விழுந்தால் ஊர் வழக்கம்போல வேலைக்குப் போகும். நமக்கும் திண்டாட்டம் இல்லை. இருபத்தேழு பாகை தள்ளி நிற்கிறோம். வரம்பில் குந்தியிருக்கிற ஊருக்குத்தான் திகைப்பு, அதே வரம்பால்தான் குதூகலமும்.

தம்பி அப்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் காலை முறை. விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் தரிப்பிடத்தில் நின்று நின்று பார்த்துவிட்டு நடந்தே போனானாம். ஊருக்கு வந்தபோது அவனே சொன்னது. பாதை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. புது ஸ்னோ காற்றறைகள் நிறைந்தது, பஞ்சு மெத்தைபோல ஒலியை உறிஞ்சிவிடும். வாகனமும் இல்லை. தன் சப்பாத்து அமுங்குகிற நறுக் நறுக் மட்டும் கேட்டதாம். விடியவில்லை, ஆனால் இருட்டாகவும் இல்லை. தெருவிளக்கின் ஒளியைக் கீழேயிருந்து ஸ்னோ திருப்பி முகிலுக்கு அனுப்ப, முகில் மறுபடி கீழே அனுப்ப, நகரம் முழுக்க ஒரு மங்கலான செம்மஞ்சள் வெளிச்சம். ஒன்றரை மணித்தியாலம் நடந்து போய்ச் சேர்ந்தால் நிலையம் பூட்டிக் கிடந்தது. திறப்பு வைத்திருந்தவர் வரவில்லை. திரும்பி ஒன்றரை மணித்தியாலம்.

அந்த நாளை அவன் சிரித்துக்கொண்டே தொடங்கினாலும் சிரித்து முடிக்க மாட்டான். அது 2009 பெப்ரவரி, வன்னியில் கடைசிப் போர் நடந்துகொண்டிருந்த காலம். விடத்தல்தீவில் கட்டிக்கொடுத்த அவர்களுடைய அக்காவின் குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கத்தில் எங்கோ இருந்தது. தொடர்பு இல்லை. இரண்டு நாள் முன்னர், சனிக்கிழமை, லண்டனில் பல்லாயிரம் தமிழர் ஊர்வலம் போயிருந்தார்கள், இவனும் போயிருந்தான். திங்கட்கிழமை வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் நடந்தானாம். திரும்பி வந்தபோது கீழ்வீட்டுப் பிள்ளைகள் படியில் நின்று, ஸ்னோமனுக்கு மூக்கு வேண்டும், கரட் இருக்கிறதா என்று கேட்டார்களாம். இவனிடம் கரட் இல்லை. ஒரு முருங்கைக்காய்த் துண்டைக் கொடுத்தானாம். "முருங்கைக்காய் மூக்கோட ஒரு ஸ்னோமன் சேர், மூண்டு நாள் நிண்டது." அக்கா பிறகு வந்து சேர்ந்தாள், செட்டிகுளம் முகாம் வழியாக. எல்லோரும் வரவில்லை. அதற்குமேல் நான் கேட்டதும் இல்லை.

ஸ்னோ இல்லாமலே நமக்கும் ஒரு குளிர்நாள் வந்தது. 2022 மார்கழி. வங்கக் கடலில் மாண்டஸ் புயல் வடகிழக்குக் கரைக்கு அப்பால் நகர்ந்து 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியது. புயல் தன் மேற்குப் பக்கத்தில் வடக்கிலிருந்து வளியை இழுத்து நம்மேல் விட்டது. காற்றோடு புகைமாசும் வந்ததால் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆனால் அன்றும் அடுத்த நாட்களிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஆடுகள் மேய்ச்சல் நிலத்திலேயே செத்துக் கிடந்தன. உறைநிலைக்குக் கிட்டவும் போகவில்லை வெப்பநிலை. லண்டன்காரன் அதே வெப்பநிலையில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போவான். இங்கே மாட்டுக்கு மழையில் நனைந்த தோல், ஓயாத காற்று, ஒதுங்கக் கூரையில்லாத வெளி. நனைந்த உடம்பிலிருந்து காற்று ஈரத்தை உலர்த்தும்போது, பேணியிடமிருந்து ஐஸ் பிடுங்கியதுபோல உடம்பின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். தீனி போதாத மெலிந்த மாட்டுக்கு ஈடுசெய்யக் கொழுப்பு இல்லை. வெப்பமானியின் எண் மட்டும் குளிரைச் சொல்லாது.

"எங்கட பட்டியிலயும் நாலு போனது" என்றார் ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவர். அவர் அதுவரை வாய் திறக்கவில்லை.

பேச்சு கொஞ்சம் நின்றது. வெளியில் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன, பெரிய துளிகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு. சம்மாட்டி வாசலுக்குப் போய்க் கையை நீட்டினான். உள்ளங்கையில் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிசத்துக்கு முந்தி இது ஸ்னோவோ சேர்?" என்றான்.

"முகிலைப் பாத்தால் ஓம் போலத்தான் இருக்கு."

கைபேசியை எடுத்துத் தம்பிக்குக் குரல் பதிந்தான். "டேய், எங்களுக்கும் கொட்டுதடா. வாற வழியில உருகிப் போச்சு, அவ்வளவுதான்." அனுப்பிவிட்டு எனக்கு இன்னொரு பிளேன்டீ சொல்லப் போனான். நான் ராடார் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தொடங்கியிருந்தேன், ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

"பிறகு சொல்லுங்கோ சேர், ஐஸ் கரையுது."

பேணியின் வெள்ளை அதற்குள் இறங்கி வாங்கில் ஒரு வட்டமாகத் தேங்கியிருந்தது. நானா அதைத் துடைத்தார். கணக்கில் இரண்டு தேத்தண்ணியும் கல்லுப்பும் இருந்தன.